களரியிலிருந்து வெண்திரைக்கு: குருநகர்ச் சுவைஞர் மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாறு பெரும்பாலும் கலைஞர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாடகத்தை ஆக்கியோன், அதனை ஆடியோன், திரைப்படத்தை இயக்கியோன், அதற்கு முதலிட்டோன் ஆகியோரின் பெயர்கள் ஏட்டிலேறுகின்றன. அவற்றைப் பார்த்தவர் யாவர், பார்த்தபின் வீதியிலும் வள்ளத்திலும் வாடியிலும் அவை பற்றி வாதிட்டவர் யாவர் எனக் கேட்பார் அரியர். ஆயினும், சுவைஞன் இன்றிக் கலை நிறைவெய்துவதில்லை என்பது உண்மையாயின், சுவைஞனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும் உண்மையாதல் வேண்டும்.

இன்றைய திரைப்பட ரசிகர் ஒன்றுகூடுமிடத்து மூன்று வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. முதலாவது, அதிமானிட வீரனைப் பற்றியது: வெல்லப்பட முடியாத ஒருவனின் கதையிற் சுவை எங்ஙனம் பிறக்கும்? இரண்டாவது, கதியைப் பற்றியது: தொலைக்காட்சித் தொடர் ஒன்று மெல்ல நகர்வது குற்றமா, குணமா? மூன்றாவது, அச்சத்தைப் பற்றியது: நூறாண்டுகளுக்கு முன் எடுக்கப்பெற்ற பேசாப் படங்கள் இன்றும் அச்சுறுத்துவது எதனால்? இவ்வினாக்கள் மேனாட்டுப் படங்களுடன் வந்திறங்கிய புதிய பண்டங்கள் என்றே பலர் கருதுவர். யாழ்ப்பாணத்துக் குருநகர் போன்றதொரு கரையோர ஊரின் கலைவாழ்வை ஊன்றி நோக்குமிடத்து, இவை மூன்றும் அங்கு நெடுங்காலமாகவே கேட்கப்பட்டு வந்த வினாக்கள் என்பது புலனாகும். கூத்தே அதிமானிட வீரர் படமாக வளர்ந்தது என நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. படைப்புக்களிடையே அத்தகைய உறவு இல்லை. உறவு பார்ப்போரின் பழக்கத்திலேதான் உண்டு.

குருநகரும் கூத்தும்

பழைய வழக்கிற் கரையூர் எனப்பட்ட குருநகர், யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிழக்கே கடனீரேரியை அணைத்துக் கிடக்கும் மீனவர் குடியிருப்பாகும். புனித யாகப்பர் ஆலயம் அவ்வூரின் நடுவணாக விளங்குகின்றது. கிழக்கே பாஷையூரும் மேற்கே நாவாந்துறையும் இதனையொத்த வாழ்வினையுடைய ஊர்கள். போர்த்துக்கேயர் காலத்தில் இக்கரைகளிற் பரவிய கத்தோலிக்கம், 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் தடைகளையும் கடந்து நிலைத்தது. சமயம் புதிதாயினும் அதனை மக்களுக்குக் காட்டிய கலைவடிவம் பழையதே. மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் கொண்ட தமிழ்க் கூத்து, வேதாகமக் கதைகளையும் புனிதர் சரிதங்களையும் தன்னகத்தே ஏற்றுக்கொண்டது. எஸ்தாக்கியார், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி, தேவசகாயம்பிள்ளை முதலிய நாடகங்கள் மன்னார் தொட்டு யாழ்ப்பாணம் வரையான கத்தோலிக்கக் கரையோரத்தின் பொதுச் சொத்தாயின.

குருநகரின் சிறப்பு யாதெனின், இக்கூத்து மரபினைத் தன்னகத்தே கொண்டிருந்த அதே ஊர், யாழ் நகரின் படமாளிகைகளுக்கு நடைதூரத்திலும் அமைந்திருந்தமையாகும். வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, லிடோ, மனோகரா, ராஜா, சிறிதர் என நகரில் எழுந்த அரங்குகள் தமிழ்ப் படங்களையும் ஆங்கிலப் படங்களையும் காட்டி வந்தன. விடியும்வரை ஆடப்படும் கூத்தும், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும் படமும் ஒரே ஊரவரின் கண்முன் நின்று போட்டியிட்டன. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்திருந்த சுவைஞனின் மதிப்பீடு தனித்து நோக்கத்தக்கது.

வெட்டுண்ட கை

மேற்கூறிய நாடகங்களுள் ஞானசவுந்தரி இவ்வாய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. சிற்றன்னையின் சூழ்ச்சியாற் காட்டுக்கு அனுப்பப்பட்டு இரு கைகளும் வெட்டப்பட்ட அரசிளங்குமரி, துன்பங்கள் பல உற்று, முடிவிலே தேவமாதாவின் அருளாற் கைகளை மீளப் பெறுகிறாள் என்பது கதை. கையிழந்த கன்னியின் கதை ஐரோப்பாவிற் பலவாறாக வழங்கியது. கிறிம் சகோதரரின் தொகுப்பிலும் இடம்பெற்றது. தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வந்தபோது அது முற்றிலும் தமிழ்க் கதையாகவே மாறிற்று. மன்னார்ப் பகுதியில் வழங்கிய ஞானசவுந்தரி நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1967 இற் பதிப்பித்து வெளியிட்டார்.

இக்கதை திரைக்கும் சென்றது. 1935 இல் ஒருமுறை படமாகிய பின், 1948 இல் இரு நிறுவனங்கள் ஒரே வேளையில் இதனைப் படமாக்கின. சிற்றாடல் நிறுவனத்தாரின் படத்தில் எம். வி. ராஜம்மாவும் ரி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர், அது பெருவெற்றி பெற்றது. ஜெமினி நிறுவனத்தாரின் படமோ மக்களாதரவு பெறாது விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. கதை ஒன்று, நிறுவனங்களும் வலிமையிற் குறைந்தவை அல்ல. ஆயினும் மக்கள் ஒன்றனை ஏற்று மற்றையதை ஒதுக்கினர். ஒரே கதையை இருமுறை பார்த்து ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கும் பழக்கம், அண்ணாவிக்கு அண்ணாவி ஒரே நாடகத்தை வேறுவேறாக ஆட்டக் கண்ட சமூகத்துக்குப் புதிதன்று.

இங்கு மேனாட்டு மௌனப்படங்களின் பக்கம் திரும்புதல் பொருந்தும். றொபேட் வீனே 1920 இல் ‘கலிகாரி’ படத்தை அளித்தபின், 1924 இல் ‘ஓர்லாக்கின் கைகள்’ என்னும் படத்தை இயக்கினார். புகைவண்டி விபத்திற் கைகளை இழந்த பியானோக் கலைஞன் ஒருவனுக்குத் தூக்கிலிடப்பட்ட கொலைஞனின் கைகள் பொருத்தப்படுகின்றன. அக்கைகள் தன்னையும் கொலைஞனாக்கிவிடுமோ என அவன் நடுங்குகிறான். 1927 இல் ரொட் பிறவுணிங் இயக்கிய ‘இனந்தெரியாதவன்’ என்னும் படத்திலோ, லொன் சேனி ஏற்ற பாத்திரம் தான் விரும்பிய பெண்ணுக்காகத் தன் கைகளைத் தானே வெட்டுவித்துக் கொள்கிறது. பேச்சற்ற படத்தில் நடிகனின் மொழி முகமும் கையுமே. அக்கையைப் பறிப்பது பேசுபவனின் நாவைப் பறிப்பதற்கு ஒப்பாகும். செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்து சைகையாற் பேசி வளர்ந்தவர் லொன் சேனி என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. மௌனப்பட அச்சத்தின் மறைபொருள் இதுவே: அது சொல்லைத் துணைக்கழைக்காமல் உடலை நேரே தாக்குகின்றது.

கூத்தரங்கில் இது வேறுவகையாக நிகழ்கின்றது. அங்கே பாட்டு உண்டு; புலம்பல் உண்டு. ஆயின் உடலசைவைச் சார்ந்து நிற்கும் ஆட்ட மரபில், கையற்றவளாக ஒரு பாத்திரம் களரியில் நிற்பது அம்மரபின் அடித்தளத்தையே அசைப்பதாகும். வெட்டும் செயல் மெய்யாகக் காட்டப்படாமலே அவையோர் கலங்குவது இதனாலேயாம்.

கையின் கதை இத்துடன் முடியவில்லை. 1962 இற் பிரித்தானியச் சித்திரக்கதை இதழொன்றில் தோன்றிய இரும்புக்கை வீரன், 1972 இற் சிவகாசியின் முத்து காமிக்ஸ் முதல் வெளியீட்டினூடாக ‘இரும்புக்கை மாயாவி’ ஆகித் தமிழ்ச் சிறுவரிடம் வந்தான். ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் கையை இழந்து உருக்குக்கை பெறுகிறான். மின்சாரம் பாய்ந்ததும் கை தவிர்ந்த உடல் முழுதும் மறைந்துவிடுகின்றது. தொடக்கத்திற் குற்றவழியிற் சென்ற அவன் பின்னர் வீரனாகிறான். 1963 இற் சித்திரக்கதையாகவும் 2016 இற் பெரும்படமாகவும் வந்த ‘டொக்டர் ஸ்ரேஞ்ச்’ கதையிலும் வீரனாவோன் விபத்திற் கைகள் சிதைந்த ஓர் அறுவை மருத்துவனே. ஞானசவுந்தரிக்கு அருளாற் கை மீள்கிறது. ஓர்லாக்குக்குப் பிறர் கை கிடைக்கிறது. மாயாவிக்கு இரும்பு கிடைக்கிறது. ஸ்ரேஞ்சுக்கோ கை பழைய நிலைக்கு மீளாமலே வேறோர் ஆற்றல் வாய்க்கிறது. இழப்பை ஈடுசெய்வது எது என்ற ஒரே வினாவுக்கு வெவ்வேறு காலங்கள் அளித்த விடைகள் இவை. சமய நம்பிக்கை, மருத்துவம், பொறி, மாயம் என அவ்விடைகள் மாறிச் செல்லும் வரிசையிலே சென்ற நூற்றாண்டின் மனமாற்றத்தையே காணலாம்.

வீரனின் வரவு

கூத்தில் அரசன் திடீரெனத் தோன்றுவதில்லை. கட்டியகாரன் வந்து முன்னறிவிப்பான், வரவுப் பாட்டு எழும், மத்தளம் முழங்கும், அதன் பின்னரே வேந்தன் களரி ஏறுவான். காத்திருத்தலே அவனைப் பெரியவனாக்குகின்றது. தமிழ்த் திரையின் நாயகன் தோன்றும் முதற் காட்சியிற் காலும் கையும் நிழலும் முதலிற் காட்டப்பட்டு முகம் இறுதியிற் காட்டப்படுவதும், மேனாட்டு வீரனின் முகமூடி படத்தின் நடுப்பகுதிவரை ஒளித்துவைக்கப்படுவதும் இதே உத்தியின் வேறுபாடுகளே.

ஆயினும் கரையோரக் கூத்தில் இருவகை வீரர் உளர். ஒருவன் வாளேந்தும் மன்னன். மற்றவர் துன்பத்தைத் தாங்கும் புனிதர். எஸ்தாக்கியார் உரோமையின் படைத்தலைவர். மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்பியபின் செல்வம், மனைவி, மக்கள் எனும் யாவற்றையும் இழக்கிறார். அனைவரையும் மீளப் பெற்றபின் வேதசாட்சியாக மரிக்கிறார். அவருடைய ஆற்றல் வெல்வதில் அன்று, நிற்பதிலேயே உள்ளது. வெல்லப்பட முடியாத வீரன் சலிப்பூட்டுவான் என்பது இன்றைய ரசிகரின் வழக்கமான குறை. 1938 இற் பிறந்த சுப்பர்மானின் கதையிலும், அவனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்ரனைற் என்னும் கனிமம் 1943 இல் வானொலித் தொடரிற் புகுத்தப்பட்டது. எஸ்தாக்கியாரைக் கண்டு வளர்ந்த ஊருக்கு அப்புனைவு தேவைப்பட்டிராது. வீரனின் புண்ணே அவனது வீரத்தின் அளவுகோல் என்பதை அவ்வூர் முன்னரே அறியும்.

திரைப்படம் இச்சுவைஞரைப் புதியதோர் இடத்தில் அமர்த்திற்று. கூத்து ஊருக்குரியது, கோயிலுக்குரியது, சாதிக்கு உரியது எனவும் கூறலாம். சினிமாக் கொட்டகையோ பணத்தால் மட்டும் இருக்கை பிரித்தது. தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கே கூடிய முதற் கலையரங்கு அதுவே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவின் அரசியல் பற்றிய தமது ஆய்விற் சுட்டிக்காட்டினார். களரியைச் சூழ்ந்திருந்த மீனவன் ‘கலரி’யில் அமர்ந்தபோது, ஊரார் வாதம் நகரத்தார் வாதத்துடன் கலந்தது.

1964 இல் வெளிவந்த ‘படகோட்டி’யில் எம். ஜி. இராமச்சந்திரன் மீனவ நாயகனாகத் தோன்றினார். இரு மீனவர் கூட்டத்தாரை மோதவிட்டுப் பயனடையும் முதலாளியை எதிர்ப்பது கதை. கடற்றொழிலாளியின் கடன், வலை, வள்ளம் என்பன பெருந்திரையில் வீரனின் பொருளாயின என்பது சிறிய செய்தியன்று. அதேவேளை, துடுப்புப் பிடிக்கும் கைக்கு எது உண்மை, எது நடிப்பு என்பது எளிதிற் புலப்படும். தன் வாழ்வு உயர்த்திக் காட்டப்படுவதிற் பெருமையும், அது திரிக்கப்படுவதில் நகைப்பும் ஒருங்கே கொள்ளக்கூடிய சுவைஞனை வெறும் வெறியன் என ஒதுக்குதல் பொருந்தாது. ரசிகனை எப்போதும் ஏமாற்றப்பட்டவனாகவே காணும் ஆய்வுகள் இவ்விரட்டைப் பார்வையைத் தவறவிடுகின்றன.

அதிமானிட வீரனுக்கும் மௌனப்பட அச்சத்துக்கும் நேரடி உறவு ஒன்றும் உண்டு. 1928 இல் வெளிவந்த ‘சிரிக்கும் மனிதன்’ என்னும் படத்திற் கொன்ராட் வைட் ஏற்ற, வாய் கிழிக்கப்பட்டு எஞ்ஞான்றும் சிரித்திருக்கும் முகமே, 1940 இற் பற்மன் சித்திரக்கதையிற் பகைவனாகப் புகுந்த ஜோக்கருக்கு முன்மாதிரியாயிற்று. ‘ஓர்லாக்கின் கைகள்’ படத்தின் நாயகனும் இதே நடிகரே. 2008 இல் வந்த பற்மன் படத்தின் ஜோக்கரை வியந்து பேசுவோர், தாம் அறியாமலே ஒரு மௌனப்பட முகத்தைப் பற்றியே பேசுகின்றனர்.

கதியை நிர்ணயிப்பவர் யார்?

படத்தின் கதி பற்றிய விவாதம் பெரும்பாலும் தனிமனிதச் சுவை வேறுபாடாகவே கருதப்படுகின்றது. வரலாற்று நோக்கில் அது, காலத்தின் கடிவாளம் எவர் கையில் உள்ளது என்பது பற்றிய வினாவாகும்.

கூத்தில் அக்கடிவாளம் அண்ணாவியாரிடம் உள்ளது. அவர் மத்தளத்தில் தட்டும் கை அவையின் நிலையறிந்து கதியை ஏற்றவும் இறக்கவும் வல்லது. ஆடுவோன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடுகையில் பொருள் இரண்டாம் முறையும் செவியில் விழுகின்றது. பாய் விரித்து அமர்ந்த அவையோர் இடையிற் கண்ணயரலாம். விரும்பிய கட்டத்தில் விழித்தெழலாம். மெதுவான கதி என்பது அங்கே குறையன்று; பார்ப்போருக்கு விடப்பட்ட இடமாகும்.

மௌனப்படமும் தொடக்கத்திற் கையாலேயே இயக்கப்பட்டது. படப்பிடிப்பாளன் கைப்பிடியைச் செக்கனுக்கு இருமுறை சுழற்றினால் 16 சட்டங்கள் பதிவாகும். காட்சிக்கேற்ப அவன் வேகத்தை மாற்றவும் செய்தான். பேசும் படம் வந்ததும் ஒலியின் பொருட்டுக் கதி செக்கனுக்கு 24 சட்டங்களாக நிலைபெற்றது. ஆயிரம் அடிச் சுருளொன்று முன்னர் ஏறத்தாழ 16 நிமிடம் ஓடியது. பின்னர் 11 நிமிடத்தில் முடிந்தது. பிற்காலத்தில் மௌனப்படங்களைப் புதிய வேகத்தில் ஓட்டியதாலேயே அக்காலத்து மாந்தர் துள்ளித் துள்ளி நடப்பவராகத் தோன்றினர். பழைய படங்கள் நகைப்புக்குரியன என்ற எண்ணத்தின் ஒரு பகுதி, பொறியின் பிழையிலிருந்து பிறந்ததே. தென்னிந்தியக் கூடாரக் காட்சிகளில் இடையெழுத்துக்களைப் படித்து உரத்து விளக்குவோனும் இருந்தான். அவனைக் கட்டியகாரனின் வழித்தோன்றல் எனக் கொள்வது மிகையாகாது.

ஈழத்தில் இக்கதிப் பிரச்சினை பல்கலைக்கழக அரங்கிலேயே எழுந்த ஒன்று. 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் வித்தியானந்தன் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகிய கூத்துக்களைப் புத்தாக்கம் செய்தபோது, இராமுழுதும் ஆடப்பட்டவற்றைக் குறுகிய நேரத்துக்குள் சுருக்கினார். அச்சுருக்கத்தினாலேயே கூத்து நகரத்து மேடைகளில் மதிப்புப் பெற்றது. ஆயினும் சுருக்கப்பட்டபோது அண்ணாவியாரின் கையிலிருந்த காலம் நெறியாளரின் கைக்கு மாறியது என்பதையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பெற்றது பெரிது, இழந்ததும் சிறிதன்று.

மறுதலையான உதாரணம் 1977 இல் வெளிவந்த ‘பொன்மணி’. யாழ்ப்பாணத்துச் சீதனக் கொடுமையையும் சாதி கடந்த காதலையும் பொருளாகக் கொண்ட இப்படத்தைக் காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ இயக்கினார். பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் பலர் இதில் நடித்தனர். தென்னிந்தியப் படத்தின் வேகத்துக்கும் நாடகப் பாங்கான உணர்ச்சிக்கும் பழகியோர்க்கு அதன் அமைதியான நடை உவப்பளிக்கவில்லை. படம் வணிக வெற்றி பெறவில்லை. விடியும்வரை கூத்துப் பார்க்கப் பொறுமையுடைய ஒரு சமூகம் இரண்டு மணி நேர மென்னடையைப் பொறுக்காமை முரண்பாடாகத் தோன்றலாம். முரண்பாடன்று. கூத்தின் மெதுவான கதி அவையோரை உடன் சேர்த்துக் கொண்டது. இருண்ட அரங்கிற் படத்தின் மெதுவான கதி அவர்களைத் தனித்திருத்தியது. பொறுமை குணமன்று, உறவு என்பதே இதனாற் பெறப்படும்.

தொலைக்காட்சி இலங்கைக்கு 1979 இல் வந்தது. ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. இங்கே காலத்தின் கடிவாளம் நிலையத்தின் மணிக்கூட்டிடமும் விளம்பரத்திடமும் சென்றது. 1987 இல் இந்தியத் தொலைக்காட்சியிற் தொடங்கிய ‘இராமாயணம்’ தொடரில் ஒருவர் கூறியதைக் கேட்டு நிற்போர் ஒவ்வொருவரின் முகமும் நீண்டு காட்டப்பட்டது. விமர்சகர் அதனைக் குறையாகக் கண்டனர். கதையை முன்னரே அறிந்த கோடிக்கணக்கான மக்களோ அம்முகங்களைப் பார்க்கவே அமர்ந்தனர். கூத்தவையின் மனநிலையும் இதுவே: என்ன நிகழும் என்பதன்று, எவ்வாறு நிகழும் என்பதே அங்குக் கேள்வி.

1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். கை தளர்ந்தால் ஒலி தேய்ந்தது. உலகின் ஏனைய பகுதிகளிற் பார்ப்போன் பொத்தானை அழுத்தி நிகழ்ச்சி மாற்றிய காலத்தில், யாழ்ப்பாணத்தான் மௌனப்படக் காலத்துப் படப்பிடிப்பாளனைப் போலக் கைப்பிடி சுழற்றினான். வேண்டாத காட்சியை ஒரு தொடுகையாற் கடந்துவிடும் இன்றைய தலைமுறை கதி பற்றி வாதிடும்போது, ஒரு கதையைக் கேட்பதற்கு உடலுழைப்பே விலையாயிருந்த இக்காலத்தையும் கணக்கிற் கொள்ளல் தகும்.

அச்சமும் அனுபவமும்

மௌனப்பட அச்சத்தின் சிகரமெனக் கருதப்படுவது எவ். டபிள்யூ. மூர்னாவ் 1922 இல் அளித்த ‘நொஸ்பெராத்து’. அதன் மறக்கவியலாத காட்சி, இரத்தக் காட்டேரியின் பெட்டிகளைச் சுமந்த கப்பல், மாலுமி ஒருவருமின்றித் தானே துறைமுகத்துள் நுழைவதாகும். பேச்சில்லை, குருதியில்லை, பாய் விரித்த மரக்கலம் ஒன்று அமைதியாகக் கரையை அணுகுகின்றது, அவ்வளவே. நகரத்துப் பார்வையாளனுக்கு அது ஒரு கற்பனை. கடலுக்குச் சென்றவன் திரும்பும்வரை கரையைப் பார்த்திருக்கும் ஊருக்கு ஆளற்ற கலம் கற்பனையன்று.

1986 ஜூன் 10 ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13 ஆம் நாள் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது வான்குண்டு வீழ்ந்து மக்கள் மாண்டனர். இந்நிகழ்வுகளை அழகியல் ஆய்வுக்கு உவமையாக்குதல் முறையன்று. ஆயினும் இத்தகைய வரலாற்றையுடைய மக்கள் அச்சப் படத்தை ஏன் பார்க்கின்றனர் என்ற வினாவை ஒதுக்குவதும் முறையன்று.

ஜேர்மனிய மௌனப்படங்களைப் பற்றி 1947 இல் நூலெழுதிய சீக்பிரீட் கிராக்கவர், முதலாம் உலகப் போரில் தோற்ற மக்களின் உள்ளக் கலக்கமும் கொடுங்கோன்மைக்கு அடிபணியும் மனப்பாங்கும் அப்படங்களிற் படிந்துள்ளன என வாதிட்டார். போருக்குப் பின்னான சமூகம் அச்சக் கதைகளை நாடும் என்பது அதனாற் பெறப்படும் கருத்து. இக்கருத்து ஓரளவே பொருந்தும். ஞானசவுந்தரி எந்தப் போருக்கும் பின்னர் பிறந்த கூத்தன்று, அமைதிக் காலத்திலும் அவள் கை வெட்டப்பட்டது, அவையோர் அழுதனர். மக்கள் அச்சக் கதையை நாடுவது அச்சம் மிகுந்ததனால் மட்டுமன்று. கதையிலுள்ள அச்சத்துக்கு முடிவு உண்டு என்பதனாலுமாம். விடியலில் நொஸ்பெராத்து சூரிய ஒளிபட்டு மறைகிறான். விடியலிற் கூத்தும் மங்களம் பாடி முடிகிறது. மெய்யான இழப்புக்கு மங்களம் பாடுவாரில்லை. காணாமற்போனோர்க்காகக் காத்திருப்போரின் காலத்துக்குக் கதியுமில்லை. கலை தரும் அச்சம் அளவுள்ள அச்சம். அந்த அளவே ஆறுதலாகின்றது.

சொல்லின்றி அச்சத்தைக் கூறும் முயற்சி தமிழில் இன்றும் உண்டு. கார்த்திக் சுப்புராஜ் 2018 இல் இயக்கிய ‘மெர்க்குரி’ உரையாடலே அற்ற அச்சப்படம். ஆலைக் கழிவின் நச்சால் நேர்ந்த தீங்கினை அது பொருளாகக் கொண்டது. பேச்சிழந்தோரின் கதை பேச்சின்றியே கூறப்படுவதில் ஒரு பொருத்தம் உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், வீரம், கதி, அச்சம் பற்றிய சுவைஞர் விவாதம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதாம். அது ஒரு சமூகம் தன் இழப்பையும் பொறுமையையும் ஆற்றலையும் அளந்து பார்க்கும் முறையாகும். அவ்விவாதத்தின் பதிவுகளோ மிகச் சிலவே. யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 இன் பெரும் இடப்பெயர்வில் வீடுகளிலிருந்தனவும் சிதறின. அன்றைய படமாளிகைகள் பல இன்று இல்லை.

இவ்விடத்து நொஸ்பெராத்துவின் வரலாறு ஒரு பாடமாகின்றது. பிராம் ஸ்ரோக்கரின் ‘திறாக்குலா’ நாவலை உரிமையின்றித் தழுவியதற்காக அவரது மனைவி வழக்குத் தொடுத்தார். படத்தின் பிரதிகளை எல்லாம் அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. ஆயின் சில பிரதிகள் ஏலவே பிறநாடுகளுக்குச் சிதறியிருந்தன. அதனாற் படம் பிழைத்தது. தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ அழிந்தது. தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) அழிந்தது. 1933 இன் ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப்படமோ பதிப்புரிமை வழக்கொன்றில் தடைப்பட்டு, நூல் வெளியீட்டாளரிடம் முடங்கிக் கிடந்ததனாலேயே எஞ்சிற்று. ஓரிடத்திற் பேணப்பட்டவை ஒருநாளில் எரிந்தன. பலரிடம் சிதறியவை நிலைத்தன.

கூத்தின் அண்ணாவிமார் இவ்வுண்மையை முன்னரே அறிந்தவர் போலும். நாடகப் பிரதியை ஒருவர் பார்த்து மற்றொருவர் எழுதி, வீட்டுக்கு வீடு கொப்பிகளிற் காத்தனர். குருநகர் போன்ற ஊர்களில் முதியோரின் படநினைவுகள், படமாளிகை அனுபவங்கள், கூத்துக்கும் படத்துக்குமிடையே அவர்கள் கண்ட வேற்றுமைகள் ஆகியன இன்றே திரட்டப்படல் வேண்டும். திரட்டியவை ஒரு நிறுவனத்தின் பெட்டகத்துள் அடங்காது, ஊரிலும் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் புலம்பெயர்ந்தோரிடத்தும் பல பிரதிகளாகப் பரவுதல் வேண்டும். கலைஞரின் வரலாற்றை எழுதிய கை சுவைஞரின் வரலாற்றையும் எழுதத் தொடங்குமாயின், ஈழத்துத் தமிழர் கலை வரலாறு அன்றே முழுமை பெறத் தொடங்கும் எனலாம்.